இராமநாதபுரம் – இராமேஸ்வரம் கடலோரத்தில் வானிலையும் வானொலி அலைகளும்

தனுஷ்கோடிக்கு அப்பால், இராமேஸ்வரம் தீவின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனைக்குச் செல்வோரின் கைப்பேசிகள் சில வேளைகளில் இலங்கைத் தொலைபேசி நிறுவனமொன்றின் பெயரைத் திரையில் காட்டுவதுண்டு. பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் எதிர்க்கரையான தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவே மலையோ மரமோ கட்டடமோ இல்லை. 40 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, தரையில் நிற்பவர் கையிலுள்ள கைப்பேசியை 30 கிலோமீட்டர் வரை நேராகவே எட்டிவிடும். வானிலையின் உதவி இதற்குத் தேவையில்லை.

வானிலை நுழையும் இடம் வேறு. எட்டவே முடியாத தூரத்திலுள்ள நிலையம் ஓர் இரவில் தெளிவாகக் கேட்பதும், எட்ட வேண்டிய தூரத்திலுள்ள படகு மறுவாரம் கேட்காமல் போவதும் இந்தக் கடலோரத்தில் நடப்பவை. இரண்டுக்கும் பொதுவாக மேகத்தையே காரணம் சொல்கிறார்கள். உண்மையில் மேகத்தின் பங்கு மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத நீராவியும், காற்றின் அடுக்குகளும், அந்த அடுக்குகளைக் குலைக்கும் கொந்தளிப்பும்தான் பெரும்பாலும் தூரத்தை முடிவு செய்கின்றன.

ரூபவாகினி காலத்து ஆன்டெனாக்கள்

இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கப்பட்டது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 முதலே தொலைக்காட்சி ஒளிபரப்பு இருந்தாலும் அது தென்மாவட்டங்களை எட்டவில்லை. ஆகவே 1980களில் தமிழகத்தின் தென்கடலோர ஊர்களில் கூரைக்கு மேல் இரும்புக் குழாய்களை உயர்த்தி, அவற்றில் கட்டிய ஆன்டெனாக்களை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒரு நாள் படம் பளிச்சென்று தெரியும். மறுநாள் திரை முழுவதும் புள்ளிகளாக இருக்கும். ஒருவர் கூரைமீது ஏறிக் குழாயைத் திருப்ப, கீழே இருப்பவர் "வருது, வருது, போச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்தத் தலைமுறை நன்கறிந்த காட்சி. பெரும்பாலான நாட்களில் குற்றம் குழாயில் இல்லை, நடுவிலிருந்த காற்றில்தான் இருந்தது.

ரூபவாகினியின் முதன்மையான ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் உள்ளது. மலையின் உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வானொலிப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பிதுருதலாகலைக்கு இது 207 கிலோமீட்டர். இராமேஸ்வரத்தில் 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் வீட்டு ஆன்டெனாவுக்கு 13. இரண்டையும் கூட்டினால் 220 கிலோமீட்டர். மீதி 80 கிலோமீட்டருக்குப் பூமியின் வளைவே மறைப்பு. இருந்தும் படம் வந்தது. வழக்கமான காற்றில் அந்த நிழலுக்குள் மிக மெலிந்த அலைதான் வந்து சேரும். பளிச்சென்ற படம் வரவேண்டுமானால் காற்று அலையை வழக்கத்தைவிட அதிகமாக வளைத்திருக்க வேண்டும். அலை வரும் பாதையின் கடைசி 100 கிலோமீட்டரும் மன்னார் வளைகுடாவின் மேல் அமைந்திருப்பது இதற்கு மிகவும் உதவியது.

அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழகமெங்கும் கேட்ட இலங்கை வானொலியை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மத்திய அலை. மத்திய அலைகள் பகலில் தரையையும் கடலையும் ஒட்டியே செல்பவை. உப்புநீர் வறண்ட நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் கடலின் மேல் அவை அதிகம் தேய்வதில்லை. இரவில் அயனிமண்டலம் அவற்றைத் திருப்பி அனுப்பி மேலும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த அகில இந்திய வானொலி இலங்கையில் கேட்டதும் இதே வழியில்தான். மேகமும் மழையும் மத்திய அலையை ஒன்றும் செய்வதில்லை. இடி மின்னல்தான் கரகரப்பை உண்டாக்கும்.

காற்று அலையை வளைப்பது எப்படி

தண்ணீரில் நிற்கும் குச்சி வளைந்து தெரிவது ஒளிவிலகலால். வானொலி அலைக்கும் காற்றில் விலகல் உண்டு. அளவு மிகச் சிறியது என்பதால், காற்றின் விலகல் எண் 1-ஐவிட எவ்வளவு கூடுதல் என்பதைப் பத்து இலட்சத்தால் பெருக்கி 'விலகல் அலகு' என்று கணக்கிடுகிறார்கள். காற்றழுத்தம், வெப்பநிலை, நீராவி ஆகிய மூன்றும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன.

கடலோரத்தில் 27 பாகை வெப்பமும், 30 ஹெக்டோபாஸ்கல் நீராவி அழுத்தமும் உள்ள புழுக்கமான நாளை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த காற்றின் பங்கு சுமார் 260 அலகு, நீராவியின் பங்கு சுமார் 125 அலகு. காற்றின் மொத்த அழுத்தத்தில் நீராவியின் பங்கு வெறும் மூன்று விழுக்காடு. விலகலிலோ அதன் பங்கு மூன்றில் ஒன்று. நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் கொண்டிருப்பதால் அலையின் மின்புலத்துக்கு அது எளிதில் இசைந்து கொடுக்கிறது. ஆகவே வானொலிக்கு எது முக்கியம் என்றால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, உயரம் கூடக் கூட அந்த ஈரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான்.

நன்கு கலந்த, வழக்கமான காற்றில் ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் விலகல் 40 அலகு குறையும். இதனால் அலை சற்றே கீழ்நோக்கி வளையும். 4.12 என்ற பெருக்கெண்ணுக்குள் இந்த வளைவு ஏற்கெனவே அடங்கியுள்ளது. கிலோமீட்டருக்கு 157 அலகுக்கு மேல் குறைந்தால் அலையின் வளைவு பூமியின் வளைவையே மிஞ்சிவிடும். அப்போது அலை மேலே தப்பிப் போகாது. கீழே வந்து கடலில் பட்டுத் தெறித்து, மறுபடி மேலே போய், மறுபடி வளைந்து, ஒரு குழாய்க்குள் ஓடும் நீர்போல நெடுந்தூரம் போகும். இந்த அடுக்கை அலைக்குழாய் எனலாம்.

157 அலகு என்பது எட்டாத அளவன்று. கடல்மட்டத்தில் 30 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் நீராவி அழுத்தம் 100 மீட்டர் மேலே 20 ஆகக் குறைகிறது என்று கொண்டால், நீராவியால் மட்டும் அந்த 100 மீட்டருக்குள் 40 அலகு குறைந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் அது 400 அலகு.

இந்தக் கடலோரத்துக்கு மட்டும் என்ன சிறப்பு

இராமநாதபுரம் வறண்ட சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. பிறகு நிலத்தின் மேல் சூடேறி, உலர்ந்து வருகிற மேல்காற்று கிழக்கே பாக் நீரிணையின் மேல் இறங்குகிறது. கீழே ஈரமான கடற்காற்று, அதன் மேல் சூடான வறண்ட நிலக்காற்று என இரண்டு அடுக்குகள் உருவாகின்றன. வழக்கத்துக்கு மாறாக மேலே வெப்பம் கூடுதலாகவும் ஈரம் குறைவாகவும் இருப்பது அலைக்குழாய்க்கு ஏற்ற அமைப்பு. காற்று மிகப் பலமாக வீசும் நாட்களில் இரண்டு அடுக்குகளும் கலந்து குழாய் குலையும். மாலையில் காற்று தணியும்போது மீண்டும் உருவாகும்.

பருவமழைக்கு முந்தைய அமைதியான மாதங்கள் இன்னும் சாதகமானவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும், கடலில் அலை குறைவு, இரவில் நிலக்காற்று மெல்ல கடலுக்குள் நகரும். தொலைதூர நிலையங்கள் இரவிலும் விடியற்காலையிலும் தெளிவாகக் கேட்டு, வெயில் ஏறி காற்று கலங்கியதும் மறைந்துவிடுவது இதனால்தான்.

கடல்நீர் ஆவியாவதால் மட்டுமே உருவாகும் குழாய் ஒன்றும் உண்டு. வெப்பமண்டலக் கடல்களில் அது ஏறத்தாழ எப்போதும் இருக்கிறது. ஆனால் அதன் தடிப்பு 10 அல்லது 15 மீட்டர்தான். அவ்வளவு குறுகிய குழாய்க்குள் சில சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளே அடங்கும். கப்பல் ராடார்கள் பயன்படுத்தும் 9 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் நன்றாகச் செல்லும். 3 மீட்டர் நீளமுள்ள எஃப்.எம். அலைக்கு 200 மீட்டருக்கு மேல் தடித்த குழாய் வேண்டும். அதை நிலக்காற்றுதான் தர முடியும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று இந்தியாவின் மேற்குக் கரையில் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் நிறுவப்பட்டிருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ராடாரின் திரையில், கோடைக்காலத்தில், ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. பருவமழை தொடங்கியதும் அதே ராடாரின் பார்வை வழக்கமான தூரத்துக்குச் சுருங்கிவிட்டது. கருவி மாறவில்லை, காற்று மாறியது. போருக்குப் பின் வானொலி அலைகளைப் பற்றி எழுதப்பட்ட பாடநூல்களில் இந்த நிகழ்வு நிலையான இடம்பெற்றது.

படகிலிருந்து பார்த்தால்

தூரத்து நிலையம் கேட்பது வீட்டிலிருப்பவருக்கு வேடிக்கை. கடலில் இருப்பவருக்கு அது வேறு வகையில் முக்கியமானது.

விசைப்படகுகளில் 'வயர்லெஸ்' என்று சொல்லப்படும் கடல்சார் வி.எச்.எஃப். கருவிகள் 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே ஆன்டெனா கொண்ட இரண்டு படகுகள் ஒன்றையொன்று எட்டும் தூரம், முன்சொன்ன கணக்கின்படி, 16 கிலோமீட்டர். கரையில் 40 மீட்டர் கோபுரம் இருந்தால் படகுக்கும் கரைக்கும் 34 கிலோமீட்டர். இதுதான் நம்பக்கூடிய அளவு.

அமைதியான இரவில், அலைக்குழாய் அமைந்துவிட்டால், இதே கருவியில் இரண்டு மூன்று மடங்கு தூரம் பேச முடியும். அப்படிப் பல இரவுகள் பேசிப் பழகியவர் அதையே கருவியின் இயல்பான தூரம் என்று எண்ணிவிடக்கூடும். புயல் சின்னம் உருவாகிக் காற்று பலமாக வீசும்போது கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஒன்றாகக் கலந்துவிடும். ஈரத்தின் படிக்கட்டு குலைந்து, குழாய் மறைந்து, தூரம் மறுபடி 16க்கும் 34க்கும் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, மூன்று மீட்டர் அலையின் பள்ளத்தில் இறங்கும் சிறு படகின் ஆன்டெனா அந்த நொடிகளில் ஏறத்தாழ நீர்மட்டத்துக்கே போய்விடும். நெருக்கமாகப் பேச வேண்டிய அன்றுதான் தூரம் மிகக் குறைவாக இருக்கும்.

பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை 90.4' சமுதாய வானொலியை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் புலப்படும். இந்தியாவில் சமுதாய வானொலிகளின் வெளியீட்டுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்குள்ளும், ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள்ளும் வரையறுக்கப்பட்டுள்ளன. அருகில் கேட்பதற்கு இது போதும். கடலுக்குள் போகப் போக ஒலி மெலியும். எதிர்க்கரையிலோ கிலோவாட் கணக்கில் ஒலிபரப்பும் எஃப்.எம். நிலையங்கள் பல உள்ளன. அலைக்குழாய் அமையும் இரவுகளில் அவை வலுவாக வந்து சேரும். எஃப்.எம். வாங்கிக்கு ஒரு குணம் உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அறவே விழுங்கிவிடும். பழைய மத்திய அலை வானொலியில் இரண்டும் கலந்து கேட்கும், ஒன்று மறைவதாவது தெரியும். எஃப்.எம்.மில் உள்ளூர் நிலையம் சத்தமில்லாமல் காணாமல் போய், அதே இடத்தில் வேறொன்று பாடிக்கொண்டிருக்கும். எந்த ஒரு சிறு நிலையத்துக்கும் அதன் எல்லைப் பகுதியில் இந்த ஆபத்து உண்டு.

கைப்பேசிக் கோபுரங்களுக்கும் அலைக்குழாய் தொல்லை தருகிறது. 4ஜி, 5ஜி சேவைகளில் சில, ஒரே அதிர்வெண்ணில் அனுப்புவதையும் வாங்குவதையும் மாறி மாறிச் செய்கின்றன. வானொலி அலை 300 கிலோமீட்டரைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். தொலைவுக் கோபுரம் 'அனுப்பும்' வேளையில் புறப்பட்ட அலை, குழாய் வழியாகத் தாமதித்து வரும்போது இந்தக் கோபுரம் 'வாங்கும்' வேளையில் இருக்கும். மெலிதான கைப்பேசி அலைகள் அதில் மூழ்கிவிடும். திரையில் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் அழைப்பு போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொந்தளிப்பு செய்யும் இரண்டு வேலைகள்

காற்று நகரும்போது சுழல்களாக உடைகிறது. பெரிய சுழல் சிறு சுழல்களாகவும், அவை இன்னும் சிறியவையாகவும் உடைந்து இறுதியில் வெப்பமாக அடங்குகின்றன. ஒவ்வொரு சுழலின் வெப்பமும் ஈரமும் பக்கத்துச் சுழலிலிருந்து சிறிது வேறுபடும். எனவே விலகலும் வேறுபடும். விண்மீன் மினுங்குவது இதனால்தான். வானொலி அலையும் அதேபோல் மினுங்கும். 90 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இது பொருட்டே அல்ல. கிகாஹெர்ட்ஸ் அளவில், அதுவும் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வரும் அலையில், ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். கடலைக் கடக்கும் நுண்ணலை இணைப்புகளில் நேர் அலையோடு நீரில் தெறித்த அலையும் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. இதைச் சமாளிக்க ஒரே கோபுரத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, எதில் அலை நன்றாக உள்ளதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

கொந்தளிப்பின் மற்றொரு வேலை, அலையைச் சிதறடிப்பது. சிதறியதில் மிகச் சிறு பகுதி அடிவானத்துக்கு அப்பாலும் போய் விழும். திருப்பதி அருகே கடங்கியிலுள்ள ராடார் இதையே கருவியாகக் கொண்டது. 1,024 ஆன்டெனாக்கள் சேர்ந்து 53 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர்மேலே அனுப்புகின்றன. தெளிந்த வானத்தில், மேகமோ மழையோ இல்லாதபோதும், சுமார் 3 மீட்டர் அளவுள்ள காற்றுச் சுழல்களிலிருந்து எதிரொலி திரும்பி வருகிறது. அதிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் பல கிலோமீட்டர் உயரம் வரை அளக்கிறார்கள்.

மேகம் குறைவு, மழை அதிகம்

மேகத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப் பத்து இலட்சம் துளிகள் சேர வேண்டும். அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் மேகத்துளி தூசியினும் தூசி. டி.டி.எச். தொலைக்காட்சிக்குப் பயன்படும் 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். கனமீட்டருக்கு ஒரு கிராம் நீர் கொண்ட, மூன்று கிலோமீட்டர் தடித்த கருமேகம்கூட அதில் 0.3 டெசிபல் அளவுக்கே குறைக்கும். அதாவது நூற்றில் ஏழு பங்கு. திரையில் இது தெரியவே தெரியாது. எஃப்.எம்., வி.எச்.எஃப். அலைகளுக்கோ மேகம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மழை வேறு கதை. துளியின் அளவு அலையின் நீளத்தை நெருங்கும்போது அலை உறிஞ்சப்படவும் சிதறவும் தொடங்குகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 12 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டெசிபல் இழக்கும். 100 மில்லிமீட்டர் மழையில் 5.5 டெசிபல். டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் உள்ளது. இராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்குமேல் நிற்கிறது. ஆகவே அலை மழைக்குள் கடக்கும் பாதை சுமார் 5 கிலோமீட்டர்தான். அவ்வளவே 100 மில்லிமீட்டர் மழையில் அலையின் வலுவை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரப் போதும். டிஷ் ஆன்டெனாவுக்கு அவ்வளவு தாங்கும் வசதி கிடையாது.

மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அத்தகைய நாட்களில் தொலைக்காட்சிச் செய்தியை நம்பியிருக்க முடியாது. சிறிய எஃப்.எம். வானொலிப் பெட்டி, மின்கலம் இருக்கும்வரை, மழையைப் பொருட்படுத்தாமல் பாடும்.

அடிவானத்துக்கு அப்பால்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களை எந்த எச்சரிக்கையும் எட்டவில்லை. வி.எச்.எஃப். தூரத்தையும் கைப்பேசித் தூரத்தையும் அவர்கள் எப்போதோ கடந்திருந்தார்கள். இதன் பின்னர், ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய 'ஜெமினி' கருவி 2019 அக்டோபரில் வெளியிடப்பட்டது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குத் தருவது இதன் வேலை. படகிலிருந்து பதில் அனுப்ப இதில் வழியில்லை. இருவழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது.

ககன் பயன்படுத்தும் 1.5 கிகாஹெர்ட்ஸ் அலையை எவ்வளவு பெரிய மழையும் தடுப்பதில்லை. அடிவானமும் தடையில்லை. ஆனால் இதற்கு மேலே, பல நூறு கிலோமீட்டர் உயரத்தில், வேறொரு கொந்தளிப்பு காத்திருக்கிறது. புவிக்காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது இதற்காகத்தான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனிமண்டலத்தின் மேலடுக்கு உயர்ந்து, அடியிலிருந்து மின்துகள் குறைந்த குமிழிகள் அதைத் துளைத்துக்கொண்டு எழுகின்றன. அவற்றின் ஊடாக வரும் செயற்கைக்கோள் அலை வேகமாக மினுங்கும். சில வேளைகளில் ஜி.பி.எஸ். கருவி ஓரிரு செயற்கைக்கோள்களைத் தவறவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். இரவு எட்டு மணிவாக்கில் தொடங்கி, பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி அடங்கிவிடும்.